சனிக்கிழமைகளில் சாகும் பெட்டி

வெய்யோ துருனென் தன் கையால் கட்டிய பெட்டி வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் செத்துப்போகும். பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து பச்சை விளக்கைக் காட்டும். கெட்டுப்போன சாமானையாவது மனிதன் மன்னித்துவிடலாம். நடிக்கிற சாமானை என்ன செய்வது?

பிஸ்கட் டின் அளவுதான் அது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹார்டு டிஸ்க், ஒரே நேரத்தில் இரண்டு சேனலைப் பிடித்துப் பதிவு செய்ய இரண்டு கார்டுகள். சத்தம் வரக் கூடாது என்று மின்விசிறிகூட வைக்கவில்லை. அரசாங்கம் பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கியபோது, ஹைக்கோஸ்கி ஊரே கடைக்குப் போய் வீட்டுக்கொரு டிஜிட்டல் பெட்டி வாங்கிவந்தது. வெய்யோ மட்டும் நானே செய்வேன் என்று உட்கார்ந்தான். அதனால் வரவேற்பறையில் இருந்த அந்தப் பழைய தடித்த டிவிக்கு இந்த டின்தான் கண்ணும் காதும். டின் அணைந்தால் டிவி வெறும் கண்ணாடி.

அவன் மனைவி ஐலாவுக்குத் துப்பறியும் தொடர் என்றால் உயிர். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வரும் தொடரையும் அதே நேரத்தில் வேறு சேனலில் வரும் இன்னொன்றையும் பதிவுக்குப் போட்டுவிட்டு இருவரும் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவார்கள். திரும்பும்போது, நீராவிக் குளியலறையான சவுனாவில், முன்னதாகவே நேரம் குறித்து வைத்த மின்சார அடுப்பு சுடச்சுட இருக்கும். கல்லில் நீரை ஊற்றி, ஆவியில் வெந்து, சிவந்த முகத்தோடு வெளியே வரும்போது வெய்யோ அடுப்பின் திருகை அணைத்துவிட்டு வருவான். பிறகு வதக்கிய சாசேஜும் பீரும் எடுத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தால், பெட்டி செத்துக் கிடக்கும். தொடர் பாதியில் அறுந்திருக்கும். கொலையாளி யாரென்று தெரியாமலே அந்த வீட்டில் பல கொலைகள் முடிந்திருந்தன.

“ஒரு கடைப் பெட்டி வாங்கிட்டா இந்தப் பாடு இல்லல்ல?” என்பாள் ஐலா.

“கடைப் பெட்டியில ஹார்டு டிஸ்க் இருக்கா?”

“கொலகாரன் இருக்கான்யா! அது போதும் எனக்கு.”

வெய்யோ மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு தரையில் படுப்பான். சுவரில் மின்சாரம் சரியாக இருக்கும். அடாப்டரிலிருந்து வரும் பன்னிரண்டு வோல்ட்டும் சரியாக இருக்கும். எல்லாம் சரியாக இருப்பதுதான் அவனுக்கு எரிச்சல்.

காகித ஆலையில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவன் அவன். ஓடுகிற காகிதம் கிழியப்போகிறது என்பதை மணி அடிப்பதற்கு முன்பே காலடித் தரையின் அதிர்வில் கண்டுபிடிப்பான் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். அந்த ஆலையை மூடினார்கள். அன்றிலிருந்து மனிதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் காரை எடுத்துக்கொண்டு பூட்டிய கேட் வரை போவான், திரும்பி வருவான். விறகை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றி அடுக்குவான். பனி கொட்டி முடிவதற்குள் பெருக்கத் தொடங்குவான். பெருக்கிய இடத்தில் மறுபடி கொட்டும். சோபாவில் உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

“உக்காருய்யா கொஞ்சம். பாக்குற எனக்கே மூச்சு வாங்குது” என்பாள் ஐலா. பாவம், வேலை போன துக்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

வேலை போன துக்கம் மட்டும் என்றால் பரவாயில்லையே. ஆலை மூடுவதற்கு முன் போர்மேன் ரிஸ்தோ அவனைக் கேன்டீன் மூலைக்குக் கூப்பிட்டார். கம்பெனிக்குக் கடலோரத்தில் இருக்கும் இன்னொரு ஆலையில் சில இடங்கள் இருக்கின்றன, ஒன்று உனக்கு, வருகிறாயா என்று கேட்டார். வெய்யோ யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். அங்கே மெஷின் புதிது. எல்லாம் திரையைப் பார்த்து நடத்துவது. ஐம்பத்தைந்து வயதில், தன் பிள்ளை வயதுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, புது ஆளாக நின்று தப்பான பொத்தானை அமுக்கும் தன்னை அவன் நினைத்துப் பார்த்தான். மறுநாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வீட்டில் வந்து, “என்னைக் கேக்கவே இல்ல” என்று சொன்னான்.

சொன்னது ஒரு வரி. அது ஐலாவின் நெஞ்சில் போய் நெருப்பு வைத்தது. ரிஸ்தோவின் மனைவி இர்யா அவளுடைய உயிர்த்தோழி. காட்டில் தாம் லக்கா என்னும் காட்டுப் பழம் பறிக்கும் சதுப்பு நிலத்தை, பெற்ற பிள்ளைக்குக்கூடக் காட்டாத ஊர் அது. இந்த இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டவர்கள். முப்பது வருஷம் கூட உழைத்தவனை ரிஸ்தோ பட்டியலில் சேர்க்காமல் கைவிட்டார் என்று நம்பிய ஐலா, மறுநாள் கடையில் இர்யா எதிரே வந்தபோது பால் அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆட்களைப் பற்றிய விஷயத்தை வெளியே பேசுகிற ரகம் இல்லை ரிஸ்தோ. சண்டைக்கு வரும் ஊரும் இல்லை அது. பேசாமல் விடுவதுதான் அங்கே சண்டை. ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. இர்யா பெயரை ஐலா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் ஒவ்வொரு தடவையும் வெய்யோவின் முழங்கால் இன்னும் வேகமாக ஆடும்.

எனவே பெட்டி கெட்டுப்போவது அவனுக்கு ஒரு விதத்தில் நல்லதாகவே இருந்தது. அதைத் திறந்து வைத்துக் குனிந்திருக்கும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். சனிக்கிழமைதானே இரண்டு சேனலும் ஒன்றாகப் பதிவாகிறது, அப்போது கூடுதல் மின்சாரம் இழுக்கும், அதைத் தாங்காமல் மூச்சு விடுகிறது என்று கணக்குப் போட்டான். நல்ல கணக்குதான். இணையத்தில் இந்த மாதிரிப் பெட்டி கட்டுகிறவர்கள் கூடும் ஃபோரம் ஒன்று உண்டு, அங்கே கேட்டபோது, ஊலு நகரத்திலிருந்து ஒரு ஆசாமி உடனே எழுதினான்: “அடாப்டர் சின்னது. எல்லாருக்கும் அதான் வியாதி. பெருசா வாங்கு.” பெரிதாக வாங்கினான். அடுத்த சனிக்கிழமை செத்தது. “அப்ப உள்ள இருக்குற பவர் போர்டு” என்றான் அதே ஆசாமி. தீப்பெட்டி அளவு போர்டு அது, அதையும் மாற்றினான். செத்தது. ஒரு கார்டைக் கழற்றினான், செத்தது. மெயின் போர்டில் ஏதாவது மின்தேக்கி உருளை உப்பியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். எல்லாம் தட்டையாக, ஒழுங்காக, அவனைப் பார்த்துச் சிரித்தன. கடைசியில் ஊலுக்காரன், “நண்பா, உன் வீட்ல பேய் இருக்கு” என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

இதற்கிடையில் கோடையில் ஒரு காரியம் நடந்துபோயிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பூட்டிய கேட் முன்னால் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தவனிடம் டிவியிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். ஆலை போன பின் ஊர் எப்படி இருக்கிறது என்று படம் எடுக்கிறார்களாம். அவள் அவசரப்படுத்தவில்லை, தலையாட்டிக்கொண்டு சும்மா நின்றாள். அந்தச் சும்மா நிற்பதுதான் வெய்யோவைக் கவிழ்த்தது. யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், கேமரா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, கடகடவென்று கொட்டிவிட்டான். சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. காருக்குள் உட்கார்ந்ததும் கனத்தது. எத்தனை பேரிடம் எடுத்திருப்பார்கள், நம்முடையதை எங்கே போடப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டான்.

நவம்பரில் உள்ளூர்ப் பேப்பரில் செய்தி வந்தது. ‘நமது ஊர், ஆலைக்குப் பிறகு’, வரும் சனிக்கிழமை மாலை. பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். பூட்டிய கேட். கேட் முன்னால் வெய்யோ.

“நீயா? டிவியிலயா? என்கிட்ட சொல்லவே இல்லயே!” ஐலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இந்தச் சனிக்கிழம சவுனா அப்புறம்தான். முதல்ல உன்னப் பாத்துட்டு அப்புறம் குளிக்கலாம். அந்த ரிஸ்தோ செஞ்சதையும் சொன்னியா?”

“ஏதோ சொன்னேன்.”

“நல்லா நறுக்குன்னு சொல்லியிருக்கணும். இந்த டப்பா அன்னிக்கு மட்டும் செத்துச்சு, தூக்கி ஏரியில போட்டுருவேன், சொல்லிட்டேன்.”

அந்த வாரம் வெய்யோ விறகை மூன்று சுவருக்கு மாற்றி அடுக்கினான்.

செவ்வாய்க்கிழமை ஐலா, தான் வேலை பார்க்கும் சலவை நிலையத்தின் வாசலில் குளிரில் நின்று, உடம்பு நடுங்க வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், “நான் கொஞ்சம் சவுனாவுல உக்காந்துட்டு வரேன்யா” என்று போய் அடுப்பைத் திருகினாள். ஆலை மூடியபின் சிக்கனம் என்று வாரத்தின் நடுவில் சவுனா போடுவதையே அவர்கள் விட்டிருந்தார்கள். வெய்யோ டிவியில் ஏதோ மீன்பிடி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் பதிவாகவில்லை. பெட்டி சட்டென்று செத்தது.

துள்ளி எழுந்தான். மல்டிமீட்டர் கைக்கு எட்டும் இடத்தில்தான் எப்போதும் இருக்கும். அடாப்டரில் ஒன்றுமில்லை. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மீட்டர் முனையைச் சுவர் பிளக்கில் குத்தினான். பூஜ்யம்! அவ்வளவு மாதமாக அந்தச் சுவர் அவனிடம் காட்டாத பூஜ்யம். மேசை விளக்கை அதே பிளக் பாயின்ட்டில் செருகினான், எரியவில்லை. நடைக்கு ஓடிப் போய்ச் சவுனா கதவைத் திறந்து அடுப்பைத் திருகி அணைத்தான்.

“ஏய், குளுருதுய்யா!” என்று உள்ளிருந்து ஐலா கத்தினாள்.

நடைச் சுவரில் இருந்த மின்சார மெயின் பெட்டியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். வரவேற்பறையில் மேசை விளக்கு எரிந்தது. மறுபடி அடுப்பைத் திருகினான். டக், விளக்கு அணைந்தது.

வெய்யோ நடையில் அப்படியே சாய்ந்து நின்றான். அந்தக் காலத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிற சமாச்சாரம்தான். வீட்டுக்கு வரும் மின்சாரம் கொஞ்சம். சவுனா அடுப்பு கொள்ளை மின்சாரம் தின்னும். அதனால் அடுப்பு எரியும்போது வரவேற்பறை ஹீட்டர் தானாக அணைந்துகொள்ளும்படி மெயின் பெட்டியில் ஏற்பாடு. இரண்டு வருஷம் முன்பு புது மாதிரி வெப்பச் சாதனம் வாங்கியபோது ஜன்னலடி ஹீட்டரைக் கழற்றி விற்றுவிட்டான். ஹீட்டர் போன இடத்தில் டிவி மேசை வந்தது. ஹீட்டர் செருகியிருந்த பிளக் சும்மாதானே இருக்கிறது என்று பெட்டியை அதில் செருகினான். டிவி வேறு பிளக்கில் இருந்ததால் அது பாட்டுக்கு ஓடியது. சவுனா முடிந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தபின் அளந்தால் சுவரில் மின்சாரம் இல்லாமல் எங்கே போகும்? அடாப்டர் நல்லது, போர்டு நல்லது, எல்லாம் நல்லவை. கெட்டது வெய்யோவின் மூளை ஒன்றுதான்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஊலுக்காரனுக்கு எழுதிக் கொண்டாடியிருப்பான். ஒயரை இரண்டு அடி தள்ளிச் செருகினால் தீர்ந்தது வியாதி. கையில் அடாப்டர் ஒயரைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு அடி தூரத்தைப் பார்த்தான். பிறகு பழைய இடத்திலேயே செருகினான். ஐலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

புதன், வியாழன், வெள்ளி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இவ்வளவு நாள் பெட்டி எப்போது சாகும் என்பது அவனுக்குத் தெரியாது. இப்போது அது அவன் கையில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஐலாவின் பக்கத்தில் போய் நின்றான். அவள் நிமிர்ந்து என்ன என்றால், காப்பி போடவா என்று கேட்டான். அந்த மூன்று நாளில் அந்த வீட்டில் குடித்த காப்பிக்கு அளவில்லை.

சனிக்கிழமை மாலை ஐலா தலை சீவி, நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள், விருந்தாளி வருவதுபோல. நிகழ்ச்சி தொடங்கியது. ஆலையின் புகையில்லாத புகைபோக்கி வந்தது. மூடிய பேக்கரி வந்தது. பிறகு பூட்டிய கேட் தெரிந்தது. தூரத்தில் அவனுடைய காரும் தெரிந்தது.

“வந்துட்ட, வந்துட்ட! உக்காரு!”

“இதோ, பீர் எடுத்துட்டு வரேன்” என்று வெய்யோ எழுந்தான். நடைக்குப் போனான். சவுனா கதவைத் திறந்தான். அடுப்பின் திருகைப் பிடித்தான். திருகினான்.

டக்.

“வெய்யோ!” என்று ஐலா அலறினாள். “உன் டப்பா! உன் பாழாப்போன டப்பா!”

அவன் ஓடிவந்து தரையில் படுத்தான். மீட்டரை எடுத்துச் சுவரில் குத்தி, அது காட்டும் பூஜ்யத்தை உலகத்தில் முதல்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். வெட்கக்கேடு. தன் வயதென்ன, தான் செய்யும் வேலையென்ன? ஐலா தலைக்கு மேலே நின்று, “சீக்கிரம்யா, சீக்கிரம்” என்று கையைப் பிசைந்தாள்.

அப்போது சுவர் பேசியது.

அடுத்த வீட்டு ஹல்மே கிழவருக்குக் காது மந்தம். டிவியை வைத்தால் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். அன்றைக்கு ஹைக்கோஸ்கியில் டிவி உள்ள எந்த வீடு வேறு எதையும் பார்த்திருக்கும்? ஒரு பெட்டியை அணைத்தவன் ஊரையே அணைக்க முடியுமா? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெய்யோவின் குரல், வெய்யோ எதிரே படுத்திருக்க, தெளிவாக வந்தது.

“கூப்பிட்டாங்க. ரிஸ்தோ கூப்பிட்டுக் கேட்டாரு, உனக்கு ஒரு எடம் இருக்குன்னு. நான்தான் போகல. பயமா இருந்துச்சு. புது மெஷினு, புது ஆளுங்க. வீட்ல வந்து, என்னைக் கேக்கவே இல்லன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது.”

பிறகு பாட்டு வந்தது. ஹல்மே இருமினார்.

ஐலா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெய்யோ எழுந்திருக்கவில்லை.

“பயந்தியா?” என்றாள்.

“பயந்தேன்.”

“அதச் சொல்ல ஒனக்கு டிவிக்காரிதான் கெடச்சாளா? இத்தன வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன், நான் என்ன மரக்கட்டையா?”

அவன் தரையைப் பார்த்தபடி, “டப்பாவ அணச்சதும் நான்தான். சவுனா அடுப்பப் போட்டா அது அணையும். வேணும்னுதான் போட்டேன்” என்றான்.

ஐலா திட்டப்போகிறாள் என்று நினைத்தான். அவள் நினைப்பு வேறெங்கோ போயிருந்தது.

“ஒன்றர வருஷம்யா. இர்யாவுக்கு நான் மொகங் குடுத்துப் பேசி ஒன்றர வருஷம் ஆச்சு. அவ அம்மா செத்ததுக்குக்கூடப் போகல நான்.” அவள் தன் கோட்டை எடுத்தாள். “எந்திரி. அடுப்ப அண. கோட்டப் போடு.”

“இப்பவா? என்ன சொல்றது போயி?”

“செவுத்துக்கு அந்தப் பக்கம் நல்லாத்தான பேசுன? அதயே இந்தப் பக்கம் நின்னு பேசு.”

ரிஸ்தோவின் வீடு சாலைக்கு அந்தப் புறம். பனி லேசாக விழுந்துகொண்டிருந்தது. ஐலா தலையில் ஒன்றும் போடாமல் முன்னால் நடந்தாள். வெய்யோ பின்னால் வந்தான். மணியை அவள்தான் அடித்தாள். அடித்துவிட்டு ஒதுங்கி, அவனை முன்னால் தள்ளினாள்.

இர்யா கதவைத் திறந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெய்யோவைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் ஐலாவைப் பார்த்ததும் கை கதவிலேயே நின்றுவிட்டது.

“ரிஸ்தோ என்னைக் கூப்பிட்டாரு” என்றான் வெய்யோ. “நான்தான் போகல. ஐலாகிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

“நீ போகலன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும், வெய்யோ” என்றாள் இர்யா. கண் ஐலாவை விட்டு நகரவில்லை. “அவளுக்குத் தெரியாதுங்கறது இப்பத்தான் தெரியும். நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்னு இவ்வளவு நாளா யோசிச்சிட்டிருந்தேன்டி. பழம் பறிக்கிற எடத்துக்குக்கூட நான் போகல, நீ வந்தா சங்கடப்படுவியேன்னு.”

ஐலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இர்யா அவள் தலையில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு பாதி திறந்தே கிடந்தது. வெய்யோவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவனும் திரும்பிப் போகவில்லை.